நின்றே கிடக்கும் வேன்: ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கினால் எங்கிருந்து பார்ப்பது

எங்கள் வேன் வருடத்தில் 40, 50 நாள் ஓடினால் அதிகம். பின்பக்கம் இரண்டு படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் வைத்து வீடு மாதிரி மாற்றிய வண்டி. நவக்கிரகக் கோயில் சுற்ற, வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போக, கோடையில் ஒரு தடவை மலைக்கு ஏற. மற்ற நாளெல்லாம் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், நெல் மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பக்கத்திலேயே மச்சானின் டிராக்டர். அதுவும் உழவு முடிந்தால் அடுத்த பட்டம் வரை அசையாது.

இரண்டுக்கும் ஒரே நோய்: தேவைப்படும் காலையில் செல்ஃப் எடுக்காது. முதல் இரண்டு தடவை நான் நேரே கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தேன். இரண்டுமே வீண் செலவு. ஒன்றில் எர்த் போல்ட் (மைனஸை வண்டி இரும்போடு சேர்ப்பது) துருப்பிடித்திருந்தது, இன்னொன்றில் எலி. அதற்கப்புறம் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக எத்தனையோ வண்டிக்கு மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பத்தில் ஏழெட்டு வண்டியில் பேட்டரி மேல் குற்றமில்லை. அதனால் கீழே உள்ளது எல்லாம் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, கடைசியில்தான் கடைக்குப் போகிறது.

முதலில் கையில் வேண்டியது

டிஜிட்டல் மல்டிமீட்டர், 10, 13 ஸ்பேனர், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், டார்ச். தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கும்.

12 வோல்ட் பேட்டரியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடுவதற்கு முன் அளந்தால்:

12.6, அதற்கு மேல்: முழுசு
12.4: முக்கால்
12.2: பாதி
12.0: கால்
11.8, அதற்குக் கீழ்: காலி

வண்டி ஓடி நின்ற கையோடு, அல்லது சார்ஜரை எடுத்த கையோடு அளந்தால் 13 கூடக் காட்டும். அது பொய்க் கணக்கு. நாலு மணி நேரமாவது ஆறவிட்டு அளக்க வேண்டும்.

தொடுவதற்கு முன்

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும் வாயு அது. எங்கள் பேட்டரி ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருப்பதால், சார்ஜ் போடும்போது கதவு எல்லாவற்றையும் திறந்தே வைப்பேன். அறுவடை முடிந்து வைக்கோல் போர் கொட்டகை வரை வந்துவிட்டால் வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் சார்ஜ். பீடி, ஊதுபத்தி, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கொளுத்திய சூடம், எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

மோதிரம், காப்பு, உலோகப் பட்டை வாட்ச் கழற்றுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் பொறி மாதிரி தெறிக்கும். ஆசிட் கண்ணில் பட்டால் வேறு எதையும் தேட வேண்டாம், நல்ல தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் விடாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

அறிகுறி 1: சாவி போட்டால் ஒன்றுமே இல்லை, டாஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை

முழுசாக உயிரற்றுக் கிடந்தால் பலரும் பேட்டரி செத்துவிட்டது என்பார்கள். எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வரும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய பேட்டரியில் மங்கலாகவாவது ஒரு விளக்கு எரியும். அறவே இல்லை என்றால் எங்கோ இணைப்பு விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். விரலுக்கு அசைந்தால் அதுதான் வியாதி. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, சுடுதண்ணீரில் ஆப்பசோடா கரைத்து பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். செல் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஆசிட் கெடும். ஈயம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, மாட்டி இறுக்கிய பிறகு மேலே மெல்லிசாக வாசலின். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இரண்டு நாள் நின்று வந்தால்கூட உப்புக்காற்றில் எங்கள் டெர்மினல் பூத்துவிடும். வந்ததும் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அடுத்து, கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அது போட்டிருக்கிறதா. சிரிக்க வேண்டாம், நானே ஒரு தடவை அதை மறந்துவிட்டு அரை மணி நேரம் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பிளஸ் வயரிலேயே உள்ள பெரிய ஃபியூஸ். அது போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடலாம். மறுபடி போனால் நிறுத்துங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது. கம்பி சுற்றி ஓட்டினால் வண்டி எரியும். அங்கிருந்து ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை.

இதெல்லாம் சரியாக இருந்து, பேட்டரியில் 11 வோல்ட்டுக்கும் கீழே என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள். முழுசாகக் காலியாகும்வரை எது குடித்தது என்று தெரியாமல் சார்ஜ் போட்டுப் பயனில்லை.

அறிகுறி 2: 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடிக்கிறது, விளக்கு மங்குகிறது

பேட்டரி இறங்கியிருக்கிறது. கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அளந்து பார்த்து 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள்.

சார்ஜரின் ஆம்பியர், பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு போதும். 80 ஆம்பியர்-மணிக்கு 8 ஆம்பியர். பாதி காலியானது ராத்திரி முழுக்க எடுக்கும். அவசரத்துக்கு 30 ஆம்பியர் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். தட்டு சூடாகி உதிரும். மாட்டும் வரிசை: சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சின் இரும்பில், அதற்கப்புறம் சுவரில் சுவிட்ச். எடுக்கும்போது சுவரில் சுவிட்ச் முதலில். சார்ஜர் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினால் அந்தப் பொறிதான் பேட்டரியை வெடிக்க வைக்கும்.

கொட்டகையில் தரை ஈரமாக இருந்தால் சார்ஜரைப் பலகை மேல் வையுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் சார்ஜர் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உடனே கிளம்பியாக வேண்டும் என்றால் டிராக்டரிலிருந்து ஜம்பர் போடலாம், டிராக்டரும் 12 வோல்ட்டாக இருந்தால். லாரி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட். அதிலிருந்து ஒருபோதும் வேண்டாம், டாஷ்போர்டு கணினி புகைந்துவிடும். வரிசை: நல்ல பேட்டரியின் பிளஸ், இறங்கியதன் பிளஸ், நல்லதன் மைனஸ், கடைசியாக இறங்கிய வண்டியின் எஞ்சின் இரும்பு. இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று உரசி நிற்கக் கூடாது. டிராக்டரை ஓடவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடித்தால் பேட்டரிக்கு முன் செல்ஃப் மோட்டார் போகும்.

ஸ்டார்ட் ஆனதும் 'ஓட்டினால் ஏறிவிடும்' என்று விட்டுவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வரை ஓட்டினாலும் காலியான பேட்டரி நிறையாது. வீட்டுக்கு வந்து சார்ஜர் போட்டால்தான் முழுசு. வாரத்துக்கொரு முறை கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுவது இன்னும் மோசம்: எடுத்ததைத் திருப்பித் தருவதற்குள் நிறுத்திவிடுகிறோம், புகையும் கொட்டகைக்குள் நிறைகிறது.

அறிகுறி 3: விளக்கு பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் ஒரே ஒரு 'டக்'

எனக்கு முதல் பேட்டரி வீணானது இதில்தான். காலை 12.6 காட்டியது. கடைக்காரர் புதிது போட்டார், இரண்டு நாள் ஓடியது, மறுபடி 'டக்'. கடைசியில் மன்னார்குடியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். பேட்டரியைப் பார்க்கவே இல்லை. குனிந்து எஞ்சினிலிருந்து சேஸுக்குப் போகும் பட்டை வயரை இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"தம்பி, மருந்து வாங்குறதுக்கு முன்னாடி நாடி பிடிச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்றார்.

"எனக்கு எங்கண்ணே நாடி தெரியும்?"

"இந்தா," என்று மீட்டரை என் கையில் கொடுத்தார்.

அன்று அவர் காட்டியது இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனை எஞ்சினின் வெறும் இரும்பில். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. அதேபோல் பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை: 0.5-க்கு மேல் என்றால் அந்த வயரோ இணைப்போ போயிருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக் போட்டுவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் குனிய வேண்டும்.

எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவை உப்புத்தாளால் எடுத்து இறுக்கினால் பாதிக் கேஸ் அங்கேயே முடியும். காசு செலவே இல்லை.

இணைப்பு எல்லாம் சரி, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளிலேயே வோல்ட் 9.6-க்குக் கீழே விழுகிறது என்றால் பேட்டரிக்குத் தெம்பில்லை. முழு சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் கடையில் லோடு டெஸ்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இப்படி விழும் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். வோல்ட் 11-க்கு மேலேயே நின்று, 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டோ (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) கார்பனோ கெட்டிருக்கிறது. ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டினால் ஒரு முறை எடுக்கும், வீடு வந்து சேரலாம். அதற்கப்புறம் மோட்டாரைக் கழற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: நேற்று நெடுந்தூரம் ஓட்டினோம், இன்று காலை டவுன்

ஓட்டியும் ஏறவில்லை அல்லது ஏறியது ராத்திரியே வடிந்துவிட்டது. இரண்டில் எது?

எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, ஹெட்லைட் போட்டு பேட்டரியில் அளங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே வோல்ட்டை ஏற்றி இறக்கும். அதனால் ஒரு அளவை வைத்து முடிவு கட்டாமல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.

13-க்கும் கீழேயே நின்றால் முதலில் பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் தொளதொளவென்று இருக்கிறதா, விளிம்பு பிரிந்திருக்கிறதா (எஞ்சின் நின்ற பிறகு பாருங்கள்). பெல்ட் விலை சொற்பம். அடுத்து டைனமோவின் பின்னால் உள்ள சின்ன பிளக். அதுவும் சரி என்றால் கார்பன் அல்லது ரெகுலேட்டர்: இங்கிருந்து கடை வேலை.

சாவியை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, எஞ்சின் சூடு ஆறிய பிறகும் டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறதா? டைனமோவுக்குள் உள்ள டையோடு ஓட்டையாகி, அதன் வழியாகவே பேட்டரியிலிருந்து கரண்ட் பின்வாங்குகிறது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவதும் இதே அடையாளம். டைனமோவைக் கழற்றி மாற்றியாக வேண்டும்.

ஒன்று மட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ சார்ஜ் பண்ணுதா பார்' என்று சோதிக்கும் பழைய முறையை யாரும் உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள். அந்த ஒரு நொடி வோல்ட் எகிறினால் டையோடும் கணினியும் சேர்ந்து போகும்.

அறிகுறி 5: பத்து பதினைந்து நாள் நின்றால் காலி

கொட்டகை வண்டிகளின் முதன்மை வியாதி. சாவி எடுத்த பிறகும் எதுவோ சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது.

முதலில் கண்ணால் பாருங்கள். ராத்திரி வண்டிக்குள் எந்த விளக்காவது எரிகிறதா. படிக்கட்டு விளக்கு, டூல் பாக்ஸ் விளக்கு, பின்கதவு சரியாக மூடாததால் அணையாத விளக்கு. போன் சார்ஜர் அடாப்டர் சாக்கெட்டிலேயே தொங்குகிறதா. ஜிபிஎஸ், டாஷ் கேமரா, ஆம்ப்ளிஃபயர், ரிவர்ஸ் கேமரா என்று பிறகு பூட்டியது எது எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது. நம் பக்கம் பாட்டுப்பெட்டி பூட்டுகிறவர்கள் அவசரத்தில் நேரே பேட்டரி பிளஸ்ஸில் முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்து அளப்பது. சாவியை எடுத்து, கதவை மூடி அரை மணி நேரம் காத்திருங்கள், கணினி தூங்க வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் மைனஸ் குமிழுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். வயரைக் கழற்றி மாட்டினால் கணினி விழித்துக்கொள்ளும், மறுபடியும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போகும்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. ஆனாலும் கணக்குப் பாருங்கள்: 50 மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36. 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி. எங்கள் வண்டியில் 180 காட்டியது. ஒரு நாளைக்கு 4.3; இரண்டு வாரத்தில் 60 ஆம்பியர்-மணி. பேட்டரி எத்தனை புதிதாக இருந்தாலும் தாங்குமா?

அதிகமாகக் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைன்தான். எங்களுடையது உள்விளக்கு லைனில் விழுந்தது. அந்த வயரைப் பின்தொடர்ந்து போனால், தரை ரப்பருக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோலே இல்லை. செம்பு பளபளவென்று பாடியில் உரசிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நெல் உமி. தை அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்ததும் எலி எல்லாம் கொட்டகைக்கு வரும். வயரை மாற்றி மேலே நெளிவுக் குழாய் போட்டேன். வண்டிக்குள் அரிசி மூட்டை, முறுக்கு டப்பா விடுவதை வீட்டில் எல்லாருக்கும் தடை.

எந்த ஃபியூஸிலும் எண் விழவில்லை என்றால் நேரே பேட்டரியில் முறுக்கிய வயர் அல்லது டைனமோ டையோடு. வயர் கட்டைப் பிரித்துத் தேடுவதற்கு ஆட்டோ எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதே மிச்சம்.

அலுப்பாக இருந்தால் மைனஸில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் பூட்டுங்கள். சாவி எடுத்து இரண்டு நிமிடம் கழித்துத் திருப்ப வேண்டும், எஞ்சின் ஓடும்போது திருப்பவே கூடாது. ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன் மறந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் பாடியில் உரசும் வயர் அப்படியே இருக்கும், ஓடும்போது தீ பிடிக்கலாம். சுவிட்ச் போட்டதோடு தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அறிகுறி 6: பின்னால் ஃபிரிட்ஜ், ஃபேன் ஓடுகிறது, முன்பக்க பேட்டரி காலி

படுக்கையும் ஃபிரிட்ஜும் வைத்த வண்டிகளுக்கே உரிய தொல்லை. பின்பக்கத்துக்குத் தனி பேட்டரி இருந்தும், அது முன்பக்கத்தோடு எப்போதும் ஒட்டியே இருந்தால் ராத்திரி ஃபிரிட்ஜ் இரண்டையும் குடித்துவிடும்.

நடுவில் இருப்பது வோல்ட் பார்த்து ஒட்டும் ரிலேயா என்று பாருங்கள். எஞ்சின் ஓடி 13.3 அளவுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து, 12.8 அளவுக்கு இறங்கினால் பிரித்துவிட வேண்டும். எஞ்சின் நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, பின்னால் ஃபிரிட்ஜ் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். எண் ஒட்டினாற்போல் சமமாகவே இருந்தால் ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டது, மாற்றுங்கள். கூரையில் சோலார் இருந்தால் வெயிலில் வோல்ட் ஏறி ரிலே தானாகச் சேர்ந்துவிடும். அதனால் இந்தச் சோதனையை இருட்டிய பிறகு செய்யுங்கள்.

பின்னால் லித்தியம் பேட்டரி மாற்றிய நண்பர்களுக்கு: ரிலேயை விட்டுவிட்டு நடுவில் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியம் கேட்பதை எல்லாம் டைனமோ கொடுக்கப் பார்த்து, சூடேறிப் போகும். அந்த வயரிங் நம் கைவேலை இல்லை, தெரிந்தவரிடம் விடுங்கள்.

2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது தெருவே டிராக்டர், வேன் பேட்டரியில்தான் போன் சார்ஜும் விளக்கும் போட்டது. வேறு வழியில்லை, தப்பு சொல்லவில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் பேட்டரி ஒரே மூச்சில் பாய்ந்து கொடுக்கச் செய்தது, அடிவரை உறிஞ்சினால் தாங்காது. அப்படி அடிமட்டம்வரை இறங்கி, சார்ஜ் போட ஆளில்லாமல் கிடந்தவற்றில் பல திரும்பி எழவில்லை.

அறிகுறி 7: சார்ஜர் போட்டும் ஏறவில்லை

சார்ஜர் 'நிரம்பிவிட்டது' என்கிறது, மறுநாள் 12.2. அல்லது சார்ஜரே 'பேட்டரி இல்லை' என்று மறுக்கிறது.

மறுப்பது: வோல்ட் மிகக் கீழே போனால் தானியங்கி சார்ஜர்கள் சில பேட்டரியையே பார்க்காது. நல்ல பேட்டரி ஒன்றை ஜம்பர் வயரில் அரை மணி நேரம் சேர்த்துவிட்டு, பிரித்து, சார்ஜரை மறுபடி போடுங்கள்.

ஏறாதது: மூடி உள்ள பேட்டரியானால் திறந்து தண்ணீர் பாருங்கள். தட்டு வெளியே தெரிந்தால், மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி சார்ஜ் போட்டு, முடிந்த பிறகு கோடு வரை நிரப்புங்கள். முன்பே கோடு வரை ஊற்றினால் பொங்கி வழியும். போர்த் தண்ணீர் வேண்டாம். கடலோரம் உப்பு, உள்ளே இரும்பு. ஏசியில் சொட்டுகிற தண்ணீரும், பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது: குறைந்துபோனது தண்ணீர்தான்.

முழு சார்ஜுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து 1.250 பக்கம், ஒன்று மட்டும் 1.150 என்றால் அந்த செல் செத்துவிட்டது. மூடி இல்லாத பேட்டரியில் ஆறிய பிறகு 10.5 பக்கம் நிற்பது அதே சேதி. இதற்கு வைத்தியமில்லை. பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டு புதியது வாங்குங்கள், ஆசிட்டை வாய்க்காலில் கொட்டிவிட்டு ஈயத்தை எடைக்குப் போடுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 8: அழுகிய முட்டை வாடை, பேட்டரி சுடுகிறது, பக்கம் உப்பியிருக்கிறது

இங்கே சோதனை எதுவும் கிடையாது. கிளிப்பைத் தொடாமல் சுவரில் சுவிட்சை அணையுங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு விலகி வாருங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அந்த வாடை நச்சு வாயு. சில மணி நேரம் ஆறிய பிறகு ஆட்டோ எலக்ட்ரீசியன் வந்து எடுக்கட்டும். உப்பிய பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றக் கூடாது.

காரணம் பெரும்பாலும் அதிக வோல்ட். ஓடும்போது 14.8-க்கு மேல் போனால் டைனமோ ரெகுலேட்டர். கொட்டகையில் நடந்தால் தானாக நிற்காத பழைய சார்ஜர். அக்னி நட்சத்திரத்தில் தகரத்துக்கு அடியில் 40 டிகிரி தாண்டும்போது, 25 டிகிரிக்கென்று வைத்த அதே வோல்ட் அதிகமாகிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும் என்று கணக்கு. மாதக்கணக்கில் மாட்டியே வைக்கும் சார்ஜர் என்றால் சூட்டைப் பார்த்துத் தானே குறைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி 9: மழைத் தண்ணீர் ஏறி நின்ற வண்டி

பேட்டரி பெட்டி வரை தண்ணீர் ஏறியிருந்தால் சாவியையே போடாதீர்கள். மைனஸைக் கழற்றிவிட்டு, சேறு வடிந்து காய்ந்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

நீண்ட நாள் நிறுத்தப்போகும்போது

சென்னைக்குப் பேரக்குழந்தையைப் பார்க்கப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதற்கு முதல் நாள் முழு சார்ஜ், டெர்மினலைத் துடைத்து, மைனஸைக் கழற்றி அந்த முனையைத் துணியால் சுற்றி வையுங்கள். கழற்றினாலும் பேட்டரி தானாக வடியும், வெயில் ஏற ஏற வேகமாக. 12.4-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும், அதனால் மாதம் ஒரு தடவை யாராவது அளந்து சார்ஜ் போட வேண்டும். வெயில் படும் இடத்தில் நிற்கும் வண்டி என்றால் 10 வாட் சோலார் பலகையும் அதற்குரிய கன்ட்ரோலரும் இதைப் பார்த்துக்கொள்ளும். எங்களைப் போல் தகரத்துக்கு அடியில் என்றால் பலகையைக் கூரை மேல் வைத்து வயர் இறக்க வேண்டும், வயரில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

நாங்கள் ஊரில் இல்லாதபோது மச்சான் மகன் அளக்கிறான். கொட்டகைத் தூணில் சாக்பீஸால் தேதியும் வோல்ட்டும் எழுதி வைப்பான். போன மாசி முதல் தேதி 12.61, பதினைந்தாம் தேதி 12.52. பங்குனி முதல் தேதி 12.31 என்று எழுதி, பக்கத்தில் 'மாமா, மைனஸ் மாட்டியே இருக்கு' என்று எழுதியிருந்தான்.